‘அளிக்கவும்’ என்பது ‘அழிக்கவும்’ ஆகாமல்: வணிகக் கடிதத்தில் பிழை பார்ப்பது எப்படி?

“தேவையான ஆவணங்களை வெள்ளிக்கிழமைக்குள் அழிக்கவும்.”

எழுதியவர் சொல்ல வந்தது ‘அளிக்கவும்’. ஓர் எழுத்துதான் மாறியது, கேட்டதே தலைகீழாகிவிட்டது. சொற்பட்டியலை வைத்துச் சரிபார்க்கும் பிழைதிருத்தி இந்த வரிக்குச் சிவப்புக் கோடு போடாது. அதன் கணக்கில் ‘அழிக்கவும்’ என்பதும் சரியான சொல்தான்.

‘விற்ப்பனை’ என்று எழுதினால் வாசிப்பவர் முகம் சுளிப்பார், ஆனாலும் விஷயம் புரிந்துவிடும். ‘வரி விலக்கு’ என்பது ‘வரி விளக்கு’ ஆனால் புரியாது. அதனால் பொருளை மாற்றும் பிழைகளை முதலில் பாருங்கள், அழகைக் கெடுப்பவற்றைப் பிறகு.

படி 1: பெயர், தொகை, தேதி

இவற்றை நினைவிலிருந்து சரிபார்க்கக் கூடாது. மூல ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிடுங்கள்.

பெயரை அவரவர் எழுதும் விதமாகவே எழுத வேண்டும். ‘ராமன்’ என்று கையெழுத்திடுபவரை இலக்கணம் பார்த்து ‘இராமன்’ ஆக்க நமக்கு உரிமை இல்லை. ‘கௌரி’ போன்ற பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பலர் ‘கெ’ தட்டி, அதன் பக்கத்தில் ‘ள’ தட்டி ‘கெளரி’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். நாளை வாடிக்கையாளர் பட்டியலில் தேடினால் பெயர் அகப்படாது.

தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 300 என்பது ‘முந்நூறு’, ‘முன்னூறு’ அல்ல. 600 ‘அறுநூறு’, 90 ‘தொண்ணூறு’. தேதியில் மாதத்தைப் பெயரால் குறிப்பிடுங்கள். 03.04 என்று போட்டால் ஏப்ரல் 3 என்று ஒருவரும் மார்ச் 4 என்று இன்னொருவரும் படிக்க இடமுண்டு.

படி 2: மயங்கும் இணைகள்

வாய்விட்டுப் படித்தால் பிழை தெரிந்துவிடும் என்பார்கள். விடுபட்ட சொல்லுக்கு அது சரி. ல, ள, ழ விஷயத்தில் அந்த முறை அவ்வளவாக உதவாது. பேச்சில் பலர் இவற்றைப் பிரித்து ஒலிப்பதில்லை. ர, ற இரண்டும் அப்படியே. நாக்கு ஏமாற்றுகிற இடத்தில் கண்ணைத்தான் நம்ப வேண்டும். ரோமன் எழுத்தில் தட்டி, செல்போன் காட்டும் முதல் சொல்லைத் தொட்டுவிட்டு நகர்பவர்களுக்கு இந்தப் பிழை இன்னும் எளிதில் வந்து சேரும்.

வணிகக் கடிதங்களில் தொல்லை தரும் இணைகள் இவை:

- அளி (கொடு), அழி (இல்லாமல் செய்)
- விளக்கு (புரியவை), விலக்கு (நீக்கு). ‘இந்தத் தொகையை விலக்கவும்’ என்று எழுதினால் தொகையே பட்டியலிலிருந்து போய்விடும்.
- குறைப்பு, குரைப்பு. விலை குறையலாம், குரைக்காது.
- பொறுத்து (சார்ந்து), பொருத்து (இணை)
- இறக்கம் (சரக்கை இறக்குவது), இரக்கம் (மனம் கசிவது)
- உறை (கடிதம் வைப்பது), உரை (பேச்சு)
- பணி (வேலை), பனி (குளிர்)

இதில் நீங்கள் அடிக்கடி தவறும் நான்கைந்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடிதம் முடிந்ததும் ‘அழி’, ‘விலக்’ என்று ஒவ்வொன்றாகத் தேடல் பெட்டியில் இட்டு, அகப்படும் இடங்களை நின்று படியுங்கள்.

படி 3: ஆறு தேடல்கள்

ற், ட் ஆகிய இரண்டுக்கும் அடுத்து இன்னொரு வல்லின மெய் வராது. ஆகவே ற்க், ற்ச், ற்ப், ட்க், ட்ச், ட்ப் என்று ஆறு முறை தேடுங்கள். மேற்க்கண்ட, முயற்ச்சி, பயிற்ச்சி, விற்ப்பனை எல்லாம் வலையில் விழும். மேற்கண்ட, முயற்சி, பயிற்சி, விற்பனை என்று திருத்துங்கள். வாட்ச், மேட்ச் போன்ற பிறமொழிச் சொற்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

படி 4: ந, ன, ண

சொல்லின் முதலில் வருவது ந. த-வுக்கு முன் ந் (ஒப்பந்தம்), ட-வுக்கு முன் ண் (ஆண்டு), ற-வுக்கு முன் ன் (சான்று). ஆளைக் குறிக்கும் விகுதி ‘நர்’: அனுப்புநர், பெறுநர், இயக்குநர், ஓட்டுநர். கடிதத்தின் முதல் சொல்லே ‘அனுப்புனர்’ என்றோ ‘பெருநர்’ என்றோ இருந்தால், மீதியை வாசிப்பவர் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார். கட்டணம், தவணை, ஆவணம் ஆகியவற்றுக்கு விதி தேட வேண்டாம். மூன்றிலும் ண என்று மனப்பாடம் செய்துவிடுங்கள்.

படி 5: ஒற்று

தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். ஐ, கு உருபுகளுக்குப் பின்னும், அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின்னும், ‘ஆக’ என முடியும் சொற்களுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும், அதாவது அதே எழுத்தின் மெய் (க், ச், த், ப்) நடுவில் சேரும்: ரசீதைப் பார்க்கவும், அலுவலகத்துக்குக் கொண்டுவரவும், இந்தப் பட்டியல், உடனடியாகத் தெரிவிக்கவும். ‘அனுப்பிய சரக்கு’, ‘வந்த பொருள்’ போன்றவற்றில் மிகாது. ஒற்று வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘வேலை கொடு’ என்றால் பணி தா. ‘வேலைக் கொடு’ என்றால் வேலாயுதத்தைத் தா.

‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா என்ற வழக்கு எளிதில் தீராது. ஒன்றைத் தேர்ந்துகொண்டு எல்லாக் கடிதங்களிலும் அதையே எழுதுங்கள்.

படி 6: கடைசி வாசிப்பு

எழுதி முடித்த கையோடு படித்தால், எழுத நினைத்ததுதான் கண்ணில் படும். கொஞ்ச நேரம் கழித்து, எழுத்துருவை மாற்றியோ அச்செடுத்தோ, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கடிதம் எதைப் பற்றியது என்று மேலே சொல்லும் பொருள் வரியும் இணைப்புக் கோப்பின் பெயரும் பலர் பார்க்காமல் விடுகிற இடங்கள்.

அனுப்பிய பிறகு தெரிந்தால்

ஒற்றுப் பிழையாக இருந்தால் விட்டுவிடுங்கள். பெயர், தொகை, தேதி, பொருள் மாறியிருந்தால் உடனே இன்னொரு கடிதம் அனுப்ப வேண்டும். பொருள் வரியின் முதல் சொல் ‘திருத்தம்’ என்று இருக்கட்டும். உள்ளே நீண்ட விளக்கம் வேண்டாம்: “முந்தைய கடிதத்தின் 4-ஆம் வரியில் ‘அழிக்கவும்’ என இருப்பதை ‘அளிக்கவும்’ எனத் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.” இந்த இரண்டு வரியையும் அனுப்புமுன் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.