பிறந்த மாதமும் டீம் செலக்‌ஷனும்: எங்கே தப்புக் கணக்கு போடுகிறோம்?

"ஜனவரியில் பிறந்தவன் விளையாட்டில் ஜெயிப்பானாம்" என்று யாராவது சொன்னால் ராசிபலனைப் புரட்டாதீர்கள். மாதத்தில் ஒன்றுமில்லை, சூட்சுமம் கட்-ஆஃப் தேதியில், அதாவது வயதுப் பிரிவுக்கு எல்லை போடும் நாளில், இருக்கிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்கும். 1980-களில் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி அங்குள்ள முன்னணி வீரர்களின் பிறந்த தேதிகளை எண்ணியபோது, முதல் மூன்று மாதக்காரர்கள் குவிந்திருந்தார்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் கணக்கு செப்டம்பர் 1, அதனால் அங்கே செப்டம்பர், அக்டோபர் பிள்ளைகளுக்குத்தான் யோகம். பெல்ஜியத்தில் 1997-இல் கட்-ஆஃப் ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்கு மாறியது. இளையோர் அணிகளில் கூட்டமும் கூடவே ஜனவரிக்கு நகர்ந்தது. நாள் பார்த்து சிசேரியன் வைக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

எல்லாவற்றிலும் பெரிய தப்பு, வளர்த்தியைத் திறமை என்று நினைப்பது. ஒரே பிரிவில் ஆடும் ஜனவரிப் பையனுக்கும் டிசம்பர்ப் பையனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். பத்து வயதில் அது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு! கோச் நெட்டையனை எடுக்கிறார். அவனுக்கு நல்ல பயிற்சி, கூடுதல் மேட்ச். மூன்று வருடத்தில் அவன் நிஜமாகவே நன்றாக ஆடுவான். "நான் அப்பவே சொன்னேனே" என்பார் கோச்.

பிறந்த தேதிப் பட்டியலை நீட்டினால் தேர்வாளர் திருந்திவிடுவார் என்றும் நம்ப வேண்டாம். நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். தேதி தெரிந்தும் பாரபட்சம் போகவில்லை. சட்டை எண்ணை வயது வரிசைப்படி கொடுத்த பிறகுதான் போனது.

கடைசி மாதக்காரனுக்கு எதிர்காலமில்லை என்பதும் அபத்தம். ஹாரி கேன் பிறந்தது ஜூலை 28, அதாவது இங்கிலாந்துக் கணக்கில் கடைக்குட்டி. சிறுவனாக இருந்தபோது அர்செனல் அவரை வேண்டாமென்று அனுப்பியது. பின்னாளில் இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான். அதற்காக அவரையே காட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. பத்து வயதில் பந்தை விட்டுப் போனவர்களைக் கணக்கெடுத்தது யார்?

பிறந்த மாதமும் பருவ வளர்ச்சியும் ஒன்றல்ல. டிசம்பர்ப் பையனுக்கு முதலில் மீசை முளைக்கலாம். ஆகவேதான் சில இங்கிலாந்து கிளப்புகள் வயதை விட்டு, உடல் வளர்ச்சிப்படி பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தன.

சான்றிதழில் தேதியைத் திருத்தும் 'யோசனை' வேறு உண்டு. அதைப் பிடிக்கத்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ 16 வயதுக்குட்பட்ட பிரிவில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது.