அலுவலக மின்னஞ்சலில் பணியாளர் தொடர்புப் பட்டியலைப் பராமரிக்கும் முறை

பணியாளர் தொடர்புப் பட்டியலில் ஓர் எண் தவறாக இருந்தால், அதைக் கண்டவர் பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் சரியான எண்ணைக் கேட்டு, தம் கைபேசியில் குறித்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அடுத்தமுறை அவர் பொதுப் பட்டியலைத் திறப்பதேயில்லை. இவ்வாறு ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பட்டியலை வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டால், பொதுப் பட்டியலில் இருக்கும் பிழைகளைக் கண்டு சொல்வதற்குக்கூட ஆள் இல்லாமல் போய்விடும். ஆகவே, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைவிட, ஒரு விவரம் எங்கே முதலில் பதிவாகிறது, அதைத் திருத்தும் பொறுப்பு யாருடையது, அத்திருத்தம் எவ்வளவு நேரத்தில் மற்றவர்களைச் சென்றடைகிறது ஆகியவற்றையே இங்கே முதன்மையாக விளக்குகிறேன்.

மூன்று இடங்களிலிருந்து வரும் பெயர்கள்

பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் கீழே விரியும் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலிலிருந்து வருவதாகத் தோன்றினாலும், அவை மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. முதலாவது, நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்குகளிலிருந்து தானாகவே உருவாகும் முகவரிப் பட்டியல். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் இதற்குக் குளோபல் அட்ரஸ் லிஸ்ட் என்று பெயர், கூகுள் வொர்க்ஸ்பேஸில் டைரக்டரி என்று பெயர். இரண்டாவது, யாரோ ஒருவர் கையால் பதிந்து மற்றவர்களோடு பகிர்ந்துகொண்ட தொடர்புக் கோப்புறை. மூன்றாவது, அவரவருடைய சொந்தத் தொடர்புகளும், முன்பு அனுப்பிய முகவரிகளை நினைவில் வைத்துக்கொண்டு மென்பொருளே எடுத்துக்கொடுக்கும் ஆட்டோகம்ப்ளீட் பட்டியலும்.

“இவருடைய முகவரி தவறாக வருகிறது” என்று ஒருவர் முறையிட்டால், இந்த மூன்றில் எதில் தவறு என்பதை முதலில் கண்டறியுங்கள். இதைச் செய்யாமல் முதல் பட்டியலையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் பலர். அங்கே பிழையே இருந்திருக்காது.

பணியாளர்களின் விவரங்கள் முதல் பட்டியலில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பகிரப்பட்ட கோப்புறை வெளியாட்களுக்கு உரியது: பொருள் வழங்குவோர், தணிக்கையாளர், பழுது பார்ப்பவர், வாடிக்கையாளர் ஆகியோரின் விவரங்களை அங்கே வையுங்கள். பணியாளர் ஒருவரை அங்கேயும் பதிந்தால், அவர் பிரிவு மாறும்போது ஒன்று திருத்தப்படும், மற்றொன்று அப்படியே நிற்கும். எது சரி என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அந்தக் கோப்புறையை அனைவரும் படிக்கலாம், இரண்டு மூன்று பேர் மட்டுமே திருத்தலாம் என்றே அனுமதியை அமையுங்கள். எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தால், ஒருவர் தமக்குத் தேவையில்லை என்று நினைத்து நீக்கும் பெயர் எல்லோருக்கும் நீங்கிவிடும்.

விவரம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே திருத்துதல்

சிறிய அலுவலகத்தில் அட்மின் ஒருவரே கணக்கைத் தொடங்கி, பெயரையும் எண்ணையும் பதிந்துவிடுவார். அங்கே சிக்கல் குறைவு. சற்றுப் பெரிய அலுவலகத்திலோ மனிதவளப் பிரிவின் பதிவேட்டிலிருந்து பதவியும் பிரிவும் வரும், அலுவலகத்தின் சொந்தக் கணினியில் பணியாளர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் கணக்கு உருவாகும், அங்கிருந்து இணையம் வழி இயங்கும் மேகக் கணினிக்கு விவரங்கள் தாமாகவே நகலாகும் ஒத்திசைவு நடக்கும். மைக்ரோசாஃப்டின் ஒத்திசைவுக் கருவி இயல்பாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை இயங்குகிறது. இவ்வாறு இணைக்கப்பட்ட கணக்கின் விவரத்தை மேகத்தில் உள்ள நிர்வாகப் பக்கத்தில் மாற்ற முயன்றால், பெரும்பாலான புலங்களில், அதாவது பெயர், பதவி போன்ற விவரக் கட்டங்களில், அது மறுக்கப்படும். உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியில்தான் மாற்ற வேண்டும். அதற்கும் மேலே மனிதவள மென்பொருள் ஒன்று தானாக விவரங்களை அனுப்பிக்கொண்டிருந்தால், ஆக்டிவ் டைரக்டரியில் இன்று நீங்கள் செய்த திருத்தம் அடுத்த சுற்றிலேயே அழிந்து பழைய விவரம் திரும்பி வந்துவிடும்.

எனவே ஒரு தாளை எடுத்து, பெயர், பதவி, பிரிவு, மேலாளர், மேசைத் தொலைபேசி, கைபேசி, பணியிடம், படம் என்று ஒவ்வொரு புலத்துக்கும் எதிரே அது எங்கே பதிவாகிறது, யார் திருத்தலாம் என்று எழுதிவையுங்கள். பெயரும் பதவியும் பிரிவும் மனிதவளப் பிரிவின் சொல்லுக்கு உட்பட்டவை. மேசை எண் தொலைபேசி இணைப்புகளைக் கவனிப்பவருக்குத் தெரியும். கைபேசி எண்ணையும் படத்தையும் பணியாளரே மாற்றிக்கொள்ள வழி இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். தம் எண் மாறியதை அவரைவிட முன்னதாக அறிபவர் இல்லை. ஒரு புலத்துக்கு எதிரே யாருடைய பெயரையும் எழுத முடியவில்லை என்றால், அந்தப் புலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே மேல்.

பெயரும் எண்ணும் பிரிவும் எழுதும் முறை

நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஒரே பெயரில் இருவர் இருந்தனர். இருவருடைய பெயரும் பட்டியலில் வேறுபாடின்றி இருந்ததால், ஒருவருக்குச் செல்ல வேண்டிய சம்பளத் திருத்தக் கடிதம் மற்றவருக்குச் சென்றுவிட்டது. கடிதத்தைத் திரும்பப் பெற முடியும்; படித்ததைத் திரும்பப் பெற முடியாது. அதன் பிறகு, ஒத்த பெயர்கள் வரும்போது, பட்டியலில் பார்ப்பவருக்குத் தெரியும் காட்சிப் பெயரின் இறுதியிலேயே பிரிவின் பெயரைச் சேர்ப்பதை நான் விதியாகவே கொண்டிருக்கிறேன். எண் சேர்ப்பதால் பயனில்லை. இரண்டாம் எண்ணுக்குரியவர் யார் என்று எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

பெயரை எழுதுவதற்கு ஒரே ஒழுங்கு வேண்டும். முதலெழுத்தை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா, குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு எது முதலில் என்பதை ஒருமுறை முடிவு செய்து எழுதி வையுங்கள். சில மென்பொருள்கள் கடைசிப் பெயர்ப் புலத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அங்கே புள்ளியோ கோடோ இட்டு நிரப்பினால், அகரவரிசையில் அவர் எங்கோ ஒதுங்கிவிடுவார். முதலெழுத்தை அங்கே இட்டு, காட்சிப் பெயரை அவர் விரும்பும் வடிவில் தனியே எழுதுவது நல்லது. அவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

தொலைபேசி எண்ணைக் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண் என்ற பன்னாட்டு வடிவத்திலேயே பதியுங்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 தரநிலைப்படி நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஓர் எண்ணில் அதிகபட்சம் 15 இலக்கங்கள் இருக்கலாம். இந்த வடிவில் இருந்தால், வெளிநாட்டுப் பயணத்தில் இருப்பவரும் கைபேசியில் எண்ணைத் தொட்ட மாத்திரத்தில் அழைக்க முடியும். உள் இணைப்பு எண்ணை முதன்மை எண்ணோடு ஒட்டி எழுதாமல், அதற்கென ஒரு தனி முறையை வகுத்துக்கொள்ளுங்கள்.

பிரிவின் பெயரில் கவனக்குறைவு வேண்டாம். “கணக்கு”, “கணக்குப் பிரிவு”, “கணக்கியல்” என்று மூவர் மூன்று விதமாகப் பதிந்திருந்தால், பார்ப்பவர் புரிந்துகொள்வார், மென்பொருள் புரிந்துகொள்ளாது. பிரிவுப் புலத்தைப் பார்த்து உறுப்பினர்களைத் தானாகச் சேர்க்கும் டைனமிக் குழுக்கள் இருந்தால், இந்த மூவரில் ஒருவருக்கு மட்டுமே குழு மடல் கிடைக்கும். மற்ற இருவரும் தமக்கு எதுவும் வரவில்லை என்பதையே அறியமாட்டார்கள். அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அதிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள்.

சொந்தக் கைபேசி எண்ணை உரியவரின் சம்மதமின்றிப் போடாதீர்கள். வீட்டு முகவரிக்கும் பிறந்த நாளுக்கும் இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

மொத்தமாகத் திருத்தும்போது

ஐம்பது அறுபது பேரின் விவரங்களை ஒரே வேளையில் மாற்ற வேண்டுமானால், பட்டியலை, விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, எக்செல்லில் திருத்தி, மீண்டும் ஏற்றுவது வழக்கம். இந்த இடத்தில்தான் பெரிய சேதங்கள் நிகழ்கின்றன. கோப்பை நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்தால், எக்செல் தொலைபேசி எண்ணைக் கூட்டிக் கழிப்பதற்கான எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சுழியத்தையும் கூட்டல் குறியையும் நீக்கிவிடும். 12 இலக்கங்களும் அதற்கு மேலும் கொண்ட எண்களை அடுக்குக்குறி வடிவில் (9.19E+11 போல) சுருக்கிக் காட்டும், அப்படியே சேமித்தால் இலக்கங்கள் தொலைந்துபோகும். தமிழிலோ வேறு எழுத்திலோ உள்ள பெயர்கள், எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான குறியாக்கம் யூ.டி.எஃப்-8 என்று எக்செல் அறியாதபோது, புரியாத குறிகளாகச் சிதறும். ஆகவே கோப்பைத் தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, குறியாக்கத்தை யூ.டி.எஃப்-8 என்று குறிப்பிட்டு, எண் நிரல்களை உரை வகையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் இறக்கிய மூலக் கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு வரியையும் மின்னஞ்சல் முகவரி அல்லது பணியாளர் எண் கொண்டே கணக்கோடு பொருத்த வேண்டும், பெயரைக் கொண்டு ஒருபோதும் பொருத்தக்கூடாது. வெற்றுக் கட்டத்தைச் சில கருவிகள் “மாற்றாதே” என்றும் சில “அழித்துவிடு” என்றும் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கருவி எந்த வகை என்பதை இரண்டு கணக்குகளில் சோதித்துப் பார்த்த பிறகே மீதியை ஏற்றுங்கள்.

திருத்தியும் மாறாதது ஏன்

சரியாகத் திருத்திய பிறகும் “எனக்கு இன்னும் பழைய எண்தான் தெரிகிறது” என்று தொலைபேசி வரும். பதற வேண்டியதில்லை. கணினியில் நிறுவப்படும் மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் பழைய (கிளாசிக்) வடிவம், முகவரிப் பட்டியலின் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இயல்பாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறையே அதைப் புதுப்பிக்கிறது. கூகுளிலும் டைரக்டரி மாற்றங்கள் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம். உலாவி வழியாக மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் காத்திருந்தால் போதும், அவசரமெனில் அவுட்லுக்கின் அனுப்புதல்-பெறுதல் பகுதியில் முகவரிப் புத்தகத்தைக் கையாலேயே இறக்கிக்கொள்ளலாம்.

காத்திருந்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஆட்டோகம்ப்ளீட் பட்டியல் தானாகத் திருந்தாது. அவுட்லுக்கில் பெயருக்குப் பக்கத்தில் தோன்றும் பெருக்கல் குறியைச் சொடுக்கி அவரவரே பழைய முகவரியை நீக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவருடைய கணக்கை நீக்கிவிட்டு, அதே மின்னஞ்சல் முகவரியில் புதிதாக மறுபடி உருவாக்கினால், வெளியாட்கள் அனுப்பும் மடல்கள் ஒழுங்காக வந்து சேரும், சக பணியாளர்கள் அனுப்புபவை மட்டும் திரும்பிவிடும். அலுவலகத்துக்குள் அனுப்பும்போது ஆட்டோகம்ப்ளீட் நினைவில் வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியும் முகவரியை அல்ல, கணக்கின் உள்ளக அடையாளத்தை. அந்த அடையாளம் பழைய கணக்கோடு போய்விட்டது. பழைய உள்ளக அடையாளத்தை, எக்ஸ்500 எனப்படும் வகையைச் சேர்ந்த கூடுதல் முகவரியாகப் புதிய கணக்கில் சேர்த்துவிட்டால் மடல்கள் மீண்டும் வந்து சேரும். இதை அறியாத அட்மின்கள் நாள்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சேர்பவர், மாறுபவர், விலகுபவர்

புதிதாகச் சேர்பவரை எவரும் மறப்பதில்லை, ஏனென்றால் கணக்கு இல்லாமல் அவரால் வேலையே தொடங்க முடியாது. பிரிவு மாறுபவரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அவருடைய பதவி, பிரிவு, மேலாளர், மேசை எண், உறுப்பினராக உள்ள குழுக்கள் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் மாற வேண்டும். பழைய குழுவிலிருந்து நீக்குவதை விட்டுவிட்டால், தமக்கு இனி உரிமையில்லாத மடல்களை அவர் மாதக்கணக்கில் பெற்றுக்கொண்டிருப்பார். மாற்றல் ஆணையின் ஒரு பிரதி பட்டியலைப் பராமரிப்பவருக்கும் கட்டாயம் வர வேண்டும் என்று மனிதவளப் பிரிவோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

விலகுபவரின் கணக்கை அன்றே நீக்கிவிடாதீர்கள். உள்நுழைவைத் தடுத்து, முகவரிப் பட்டியலில் தெரியாதபடி மறைத்து, குழுக்களிலிருந்து எடுத்து, இனி யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற தானியங்கிப் பதிலை அமையுங்கள். மறைப்பதால் மடல் வருவது நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். பெயர் தெரியாது, அவ்வளவே. தவறி நீக்கிவிட்டால் மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாட்களுக்குள்ளும், கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாட்களுக்குள்ளும் மீட்க முடியும். விலகியவரின் முகவரியை அதே பெயருள்ள புதியவருக்குக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது, பழையவருக்கு வர வேண்டிய வங்கி மடல்களும் கடவுச்சொல் மாற்று மடல்களும் புதியவரிடம் வந்து விழும். வெளியாட்களுக்கு அறிவிக்கும் முகவரிகள் தனிநபர் பெயரில் இல்லாமல் கணக்கு, கொள்முதல், உதவி என்று பணியின் பெயரில் இருந்தால், ஆள் மாறினாலும் முகவரி மாறாது.

குழு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்து அவர் விலகிவிட்டால், குழு அநாதையாகிவிடும். அனைத்துப் பணியாளர் குழுவுக்கு யார் அனுப்பலாம் என்பதைச் சிலருக்கு மட்டும் வரையறுங்கள், வெளியிலிருந்து வரும் மடல்களை அது ஏற்காதபடி செய்யுங்கள்.

சரிபார்ப்பு

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு பிரிவுத் தலைவருக்கும் அவருடைய பிரிவின் பெயர்களை மட்டும் அனுப்பி, இதில் இருக்கக் கூடாதவர் யார், விடுபட்டவர் யார் என்று இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். முழுப் பட்டியலையும் எல்லோருக்கும் அனுப்பி “சரிபார்க்கவும்” என்று எழுதினால் ஒருவரும் பார்க்கமாட்டார். இடைப்பட்ட காலத்தில் பிழையைக் கண்டவர் தெரிவிக்க ஒரே ஒரு முகவரி இருக்கட்டும். வந்த திருத்தத்தை அடுத்த வேலை நாளுக்குள் முடித்து, “மாற்றிவிட்டோம், நாளை தெரியும்” என்று அவருக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பெற்றவர் அடுத்த பிழையையும் உங்களிடமே சொல்வார்.

மின்னஞ்சல் முடங்கும் நாளில் இந்தப் பட்டியலும் சேர்ந்தே முடங்கிவிடும் என்பதால், ஐ.டி. பிரிவு, பாதுகாப்பு, மேலாளர்கள் ஆகியோரின் எண்களை மட்டும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, அச்சிட்ட தேதியை மேலே பெரிதாகக் குறித்து, காலாண்டுச் சரிபார்ப்பு முடிந்ததும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.