மோசமான பாட்டு எது? வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மாவின் யாங்கோனில் நம் தமிழ் ஆட்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியாவது பாட்டுக்கு வந்துவிடும். பெரியவர்கள் எம்.ஜி.ஆர். படப் பாட்டைச் சொல்வார்கள், பையன்கள் கொரியப் பாட்டைச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது மேசையைத் தட்டி, "இதைவிட மட்டமான பாட்டு உலகத்திலேயே கிடையாது" என்பார். எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். பிடித்த பாட்டென்றால் எல்லாரும் உருகிப்போய்விடுகிறோம். பிடிக்காத பாட்டுக்குத்தான் காரணம் தேடுகிறோம். அந்தக் காரணம் தப்பாக இருந்தால் ஒரு நல்ல பாட்டு அநியாயமாக அடிபடுகிறது.

அதிகம் அடிபடுவது "அது காப்பி, அதனால் குப்பை" என்ற தீர்ப்பால்தான். பர்மியப் பாட்டுகளில் ஏராளமானவை வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மிய வரி எழுதியவை. 'காப்பி தச்சின்', அதாவது காப்பிப் பாட்டு என்றே அவற்றுக்குப் பெயர். பாடகர் சாய் தீ சைங்கும் அவருக்குப் பாட்டு எழுதிய மருத்துவர் சாய் காம் லெய்க்கும் சொந்த மெட்டில் நின்று பெயர் வாங்கினார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 1988 ஜனநாயக எழுச்சியில் தெருத்தெருவாக ஒலித்த 'கபா மச்சே பூ' எந்த மெட்டு? கான்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1977இல் வெளியிட்ட 'டஸ்ட் இன் தி விண்ட்' மெட்டு. எல்லாம் காற்றில் தூசி என்று விரக்தியாகப் பாடிய மெட்டில், உலகம் அழியும்வரை இது ஆறாது என்று பாடினார்கள். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதும் ஊரே அதைத்தான் திரும்பப் பாடியது. அதைக் காப்பி என்று தள்ள யாருக்கு மனசு வரும்?

நமக்கும் இது புதிதில்லை. பாரதியாரின் 'தொண்டு செய்யும் அடிமை' கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரப் பாட்டு ஒன்றின் வர்ணமெட்டில் எழுதியது. அதை அவரே பாட்டின் தலைப்பில் குறித்தார். பண்ணையார் நந்தனை அதட்டும் மெட்டை எடுத்து, வெள்ளைக்கார அதிகாரி இந்தியனை அதட்டுவதாக மாற்றினார். மூலத்தை அறிந்தவருக்குத்தான் அந்த அடி முழுசாக வலிக்கும்.

ஆகவே மெட்டு எங்கே பிறந்தது என்பதோடு விசாரணையை முடிக்காதீர்கள். புதிய வரி அதில் உட்கார்ந்ததா என்று கேளுங்கள். பர்மிய மொழியில் குரல் ஏறினாலும் இறங்கினாலும் சொல்லின் பொருளே மாறிவிடும். மெட்டு அதற்கு எதிராகப் போனால் பாட்டு உளறலாகிவிடும். நமக்குக் குறிலும் நெடிலும் அப்படி. 'கல்' என்று எழுதியதைத் தாளத்துக்காக 'கால்' என்று இழுத்தால் அது பாட்டின் குற்றம். கை வைத்துக் காட்டக்கூடிய குற்றம் இது மாதிரி இருக்க வேண்டும்.

வரி சப்பென்று இருக்கிறது என்று பழைய பர்மியப் பாட்டைத் திட்டும் முன் காலத்தையும் பாருங்கள். 2012 வரை பாட்டு வரிகள் முன்கூட்டியே தணிக்கைக்குப் போக வேண்டும். ராக் பாடகர் லே பியூவின் 'பவர் 54' ஆல்பத்தில் 54 என்ற எண்ணையே நீக்க வேண்டியதாயிற்று. அது ராணுவ ஆட்சியை எதிர்த்த ஆங் சான் சூ கீயின் வீட்டு எண். ஒரு எண்ணுக்கே இந்தக் கதி என்றால், அரைகுறையாகத் தோன்றும் சரணத்தில் எது எழுதாமல் விட்டது, எது வெட்டுப்பட்டது என்று யோசிக்காமல் கவிஞரைக் குற்றம் சொல்லக் கூடாது.

அடுத்தது வெளிநாட்டுப் பத்திரிகைப் பட்டியலைத் தீர்ப்பாக நீட்டுவது. ஸ்டார்ஷிப் குழுவின் 'வீ பில்ட் திஸ் சிட்டி' 1985இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 2004இல் 'பிளெண்டர்' என்ற அமெரிக்க இசை இதழ் அதையே மிக மோசமான பாட்டுகளின் உச்சியில் வைத்தது. இடையில் பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

"எல்லாரும் கேட்கிறார்களே" என்பதும் "எல்லாரும் கேட்பதாலேயே மட்டம்" என்பதும் இதே வகைதான். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அறிமுகமில்லாத 48 பாட்டுகளைக் கேட்கக் கொடுத்தார்கள். சிலர் தனியாகத் தேர்ந்தார்கள். மற்றவர்கள் குழுக்களாகப் பிரிந்து, தம் குழுவில் எது அதிகம் தரவிறக்கமானது என்று பார்த்தபடி தேர்ந்தார்கள். தனியாகக் கேட்டவர்களிடம் 26ஆம் இடம் பெற்ற பாட்டு, ஒரு குழுவில் முதலிடத்துக்கும் இன்னொன்றில் 40ஆம் இடத்துக்கும் போனது.

சலிப்பையும் குறையையும் குழப்பாதீர்கள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி ஒரே பாட்டைப் பத்து நாள் போட்டால் எதுவும் காதைக் குடையும். யாருமே கேட்டிராத பாட்டைக் கொண்டுவந்து ஜெயிப்பதும் வேண்டாம். மேசையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும்.

நானும் ஒன்றைச் சொல்லவேண்டும் அல்லவா? பெயர் வேண்டாம். மாரியம்மன்மேல் வந்த, இங்கே எல்லா வீட்டிலும் ஒலித்த பாட்டு அது. வேகத் தாளத்துக்குள் அடைப்பதற்காக 'தாயே' என்பதை ஒவ்வொரு சரணத்திலும் 'தயே' என்று நசுக்கியிருக்கிறார்கள். திருவிழா முடிந்து பல மாதம் கழித்து, வீட்டில் தனியாக, சத்தத்தைக் குறைத்து மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அந்தப் பாட்டு அம்மாவைக் கூப்பிடவே இல்லை.