சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் போன் வரவில்லை

பட்டுக்கோட்டையில் 14 வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. தினமும் நாலு பேராவது போனை நீட்டி, "இதுல ஒரு படம் இருக்கு, எடுத்துக்குங்கம்மா" என்பார்கள். கேபிளைச் சொருகினால் பாதி நேரம் சார்ஜ் மட்டும்தான் ஏறும். கம்ப்யூட்டரில் போன் வராது.

போன மாசியில் ஒரு நாள், காலை 7 மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு பெரியவர் மகனோடு நின்றார். அவர் மனைவி இரவு தவறிவிட்டார். 3 மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். அந்த அம்மா நன்றாக விழுந்திருந்த படம் ஒன்றே ஒன்று, பேத்தியின் காதுகுத்தில் எடுத்தது. அதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். 6க்கு 4 அடிக்குப் பெரிதாக்கியதும் முகம் கலங்கிவிட்டது. அசல் படம் மருமகளின் போனில் இருந்தது. சொருகினேன். சார்ஜ் ஏறியது, அவ்வளவுதான். அந்தப் போனுக்கு என்ன ஆயிற்று என்று பின்னால் சொல்கிறேன். முதலில், நான் எந்த வரிசையில் பார்ப்பேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பில் டிரைவரை, அதாவது போனோடு கம்ப்யூட்டர் பேச உதவும் மென்பொருளைத் தேடி இறக்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

முதலில் கேபிள். சாதாரண யுஎஸ்பி கேபிள் ஒன்றை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே நாலு கம்பி இருக்கும்: சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விலை மலிவான கேபிள்கள் பலவற்றில் பச்சையும் வெள்ளையும் கிடையவே கிடையாது. பவர் பேங்க், டிரிம்மர், புளூடூத் ஹெட்செட்டோடு வரும் குட்டிக் கேபிள்களை நான் நம்புவதே இல்லை. பழைய கேபிளாக இருந்தால், கழுத்து மடங்கும் இடத்தில் மெல்லிய தகவல் கம்பி அறுந்து மின்சாரக் கம்பி மட்டும் பிழைத்திருக்கும். அதனால் "சார்ஜ் ஏறுதே, கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அதே கேபிளில் வேறொரு போனைச் சொருகிப் பாருங்கள். தகவல் போகிறது என்று தெரிந்த கேபிளுக்கு ஒரு அடையாளம் வையுங்கள். என் கேபிளில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கிறேன். அதை யார் கேட்டாலும் சார்ஜ் போடத் தரமாட்டேன்.

கேபிள் சரி என்றால், அடுத்தது போனின் திரை. பூட்டைத் திறந்து வையுங்கள். பூட்டிய போன் தன் படங்களைக் காட்டாது, காட்டவும் கூடாது. பிறகு மேலிருந்து கீழே இழுத்தால் அறிவிப்புகளின் கடைசியில், யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறுகிறது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சொருகியதும் சார்ஜ் மட்டும் என்பதுதான் வழக்கமான நிலை. நம் படங்களைக் கண்ட கம்ப்யூட்டரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான காவல் இது. ஒவ்வொரு முறை சொருகும்போதும் நாம்தான் அனுமதி தர வேண்டும். ஐபோனில் 'டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்' என்று கேட்கும். டிரஸ்ட் என்பதைத் தொட்டு கடவுக் குறியீட்டையும் போட வேண்டும்.

இப்போது காதைக் கொடுங்கள். ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தொட்டதும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'டிடிங்' என்று ஒரு ஒலி வருகிறதா? ஸ்பீக்கரைத் திறந்து வைத்து மறுபடி கழற்றிச் சொருகிப் பாருங்கள். ஒலி வந்தும் போன் தெரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் பக்கம். ஒலியே இல்லை என்றால் கேபிள், கம்ப்யூட்டரின் துளை, போனின் துளை, இந்த மூன்றில் ஒன்று. நான் இந்த ஒலியை வைத்துத்தான் அடுத்து எங்கே கை வைப்பது என்று முடிவு செய்கிறேன்.

ஒலி இல்லையா? டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையை விடுங்கள். அது உள்ளே ஒரு ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது, பல பெட்டிகளில் அந்த ஒயர் தளர்ந்திருக்கும். பின்பக்கத் துளை மதர்போர்டிலேயே இருப்பது, அதில் சொருகுங்கள். ஒரு துளையைப் பலவாக்கும் யுஎஸ்பி ஹப் நடுவில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

அடுத்து போனின் துளை. அந்தப் பெரியவர் வீட்டுப் போனில் சிக்கல் இங்கேதான் இருந்தது. என் மஞ்சள் நூல் கேபிளைச் சொருகியபோது கடைசியில் 'டக்' என்ற பிடிப்பு இல்லை, தொட்டால் ஆடியது. டைப்-சி முனையைத் திருப்பிச் சொருகினேன். போன் வந்துவிட்டது! டைப்-சி எப்படிச் சொருகினாலும் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் கேபிள் முனையில் சாதாரணத் தகவல் ஊசிகள் ஒரு பக்கம் மட்டும்தான் உண்டு. போனின் துளையில் அவை இரண்டு பக்கமும் இருக்கும். திருப்பும்போது துளையின் மறுபக்க ஊசிகளைத் தொடுகிறோம். ஒரு பக்கம் அழுக்கோ தேய்மானமோ இருந்தால், மறுபக்கம் கைகொடுக்கும். உடனே படத்தை எடுத்துக்கொண்டேன்.

பேனரை ஓடவிட்டு அந்தத் துளையைச் சுத்தம் செய்தேன். போனை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியைப் பிளேடால் இன்னும் மெல்லியதாகச் சீவி, துளைக்குள் ஓரமாக விட்டு மெதுவாக வெளியே வாரினேன். நடுவில் நாக்கு போல ஒரு தகடு இருக்கும், அதன்மேல் அழுத்தவே கூடாது. அரிசி மாவு போல வெள்ளையாக ஏதாவது வரும் என்று நினைத்தேன். வந்தது சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு மாதிரி அமுங்கிய பஞ்சு. கைப்பை நூலும் தூசியும் மாதக் கணக்கில் கேபிளால் இடிபட்டு இறுகிப்போனது. அதன்பின் கேபிள் 'டக்' என்று உட்கார்ந்தது. குண்டூசியோ சேஃப்டி பின்னோ இதற்கு வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், ஈரம் போகும்.

ஒலி வருகிறவர்களுக்கு இனி. போன், டி டிரைவ், ஈ டிரைவ் மாதிரி எழுத்தோடு வராது. 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு, பென்டிரைவ் முறையை விட்டு எம்டிபி என்ற முறைக்கு மாறியது. பழைய முறையில் நினைவகத்தை மொத்தமாகக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு போன் சும்மா இருக்க வேண்டும். எம்டிபியில் கேட்கிற கோப்பை மட்டும் எடுத்துத் தருகிறது. அதனால் 'திஸ் பிசி'யில் போனின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்து உள்ளே காலியாக இருந்தால், போன் பூட்டியிருக்கிறது அல்லது சார்ஜ் நிலைக்குத் திரும்பிவிட்டது.

பெயரும் இல்லையா? ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'போர்ட்டபிள் டிவைசஸ்' கீழோ வேறெங்கோ மஞ்சள் முக்கோணத்தோடு போன் நின்றால், அதை வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து மறுபடி சொருகுங்கள். விண்டோஸ் தானாகவே டிரைவரைப் போட்டுக்கொள்ளும். 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று வந்தால் டிரைவரோடு போராடாதீர்கள். அது அரைகுறைத் தொடர்பு, பெரும்பாலும் கேபிளோ துளையோதான். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்றில் எந்தப் போனுமே வராமல் தவித்தார்கள். பார்த்தால் விண்டோஸின் 'என்' பதிப்பு. அதில் எம்டிபி இருக்காது, 'மீடியா ஃபீச்சர் பேக்' சேர்த்ததும் சரியானது.

போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டி, ஆப் தயாரிப்பவர்களுக்கான யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. படம் எடுக்க அது தேவையில்லை. தெரியாத கம்ப்யூட்டரில் போனை அப்படித் திறந்துவிடவும் வேண்டாம்.

டிஸ்ப்ளே உடைந்து தொடுதிரை வேலை செய்யாத போனா? திரையில் காட்சி தெரிந்தால் போதும். போனில் மவுஸ், பென்டிரைவ் எல்லாம் சொருக உதவும் ஓடிஜி முனையில் ஒரு சாதாரண மவுஸைச் சொருகுங்கள். திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்தே பூட்டைத் திறக்கலாம். ஒரே துளை என்பதால் அதன்பின் மவுஸை எடுத்துவிட்டு கேபிளைச் சொருக வேண்டியிருக்கும். ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தொட முடியாது. அதனால் மவுஸ் இருக்கும்போதே கூகுள் டிரைவில் படங்களை ஏற்றிவிடுவது நல்லது.

போன் வந்துவிட்டது, சரி. இனி கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். 3000 படத்தை ஒரே பிடியாக இழுத்தால் எம்டிபி பாதியில் நின்றுவிடலாம். 200, 300 ஆக எடுங்கள். காப்பி ஆன பிறகு கம்ப்யூட்டரில் நாலைந்தைத் திறந்து பார்த்து, அப்புறம்தான் போனில் அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை, கூடவே முன்பு வேகமாக ஏறிய சார்ஜும் இப்போது மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால், போனுக்குள் தகவல் போகும் வழி கெட்டுப் போயிருக்கலாம். பல போன்களில் வேக சார்ஜுக்காகப் போனும் சார்ஜரும் பேசிக்கொள்வதும் அதே வழியில்தான் நடக்கிறது. சர்வீஸ் கடையில் சார்ஜிங் போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறைய மாடல்களில் அது தனிச் சின்னப் பலகை, அதை மாற்றுவதால் படங்கள் அழியாது. கொடுக்கும்போதே, "ரீசெட் போட வேண்டாம், உள்ளே படம் இருக்கு" என்று சொல்லி, ரசீதிலும் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.