தண்டவாளத்தின் மேல் வரிசை நிற்கக் கூடாது

ரயில்வே கேட்டுக்கு அருகே சாலையைத் தோண்டுகிறீர்களா? பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவதற்கு முன், வண்டிகளின் வரிசை எங்கே போய் முடியும் என்று பாருங்கள். கேட்டைத் தாண்டி 50 மீட்டரில் ஒருவர் கொடி காட்டி நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாரி, ஒரு பஸ், நான்கு கார்கள் சேர்ந்தாலே வரிசையின் வால் தண்டவாளத்தைத் தொட்டுவிடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடும். கடைசிக் காரைக் கண்டபின் பிரேக் பிடித்துப் பயனில்லை.

எனவே கொடிக்காரரைக் கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். அப்பால் எத்தனை வண்டிகளுக்கு இடம் இருக்கிறதோ, அத்தனையை மட்டும் அவர் விடட்டும். மறுமுனையில் நிற்பவருடன் பேச வாக்கி டாக்கி வேண்டும். வளைவில் கைச்சைகை தெரியாது. உங்கள் எச்சரிக்கைப் பலகையே கேட் விளக்கை மறைக்கிறதா என்று, கார் ஓட்டுநரின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். மேலே மின்கம்பி இருந்தால், பொக்லைன் கையைத் தூக்குமுன் ரயில்வேயிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். கேட் கீப்பரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே வேலையைத் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களை என்னவென்று சொல்வது!