குறிஞ்சி நிறத்தில் ஒரு கல்: பரிசு டாலருக்கு இணையத்தில் வண்ணக்கல் வாங்கும் முறை

என் அக்காள் மகள் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்த 2006-ஆம் ஆண்டில் பிறந்தவள். அடுத்த பூப்பு 2018-இல் வந்தபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. சரிவில் நின்றபடி, ஒரு கொத்தைக்கூடப் பறிக்காமல், நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் படிப்பை முடிக்கும்போது அந்தப் பூவின் நிறத்தில் ஒரு சிறு கல் பதித்த டாலரைச் செய்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. மலைமேல் இருக்கும் எங்களுக்கு நகையில் பதிக்காத தனிக் கல்லை நேரில் பார்த்து வாங்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், இணையத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

முதல் முறை வாங்கிய கல் பயன்படவில்லை. கைபேசித் திரை முழுவதும் நிறைந்து ஒளிர்ந்த அந்தக் கல், பிரித்துப் பார்த்தபோது உளுத்தம்பருப்பு அளவுதான் இருந்தது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. 4-க்கு 3 மில்லிமீட்டர் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. கல்லைப் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, எழுத்தைப் படித்து வாங்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இதுவரை ஒரு கல்லும் வாங்கியிராதவர்கள் அந்த எழுத்தை எப்படிப் படிப்பது, கல் வந்தபின் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: அளவை முடிவு செய்யுங்கள்

எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளும் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 5, 6, 8 மில்லிமீட்டர் அளவுகளில் வட்டமும் நீள்வட்டமும் வரைந்து கத்தரித்து, உங்கள் வீட்டிலுள்ள சங்கிலி ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள். மெல்லிய சங்கிலியில் தொங்கும் டாலருக்கு 8-க்கு 6 மில்லிமீட்டர் நீள்வட்டம் அழகாக அமையும் என்பது என் கருத்து. அதைவிடச் சிறியது எட்டி நின்றால் நிறம் தெரியாமல் புள்ளியாகிவிடும். பெரியது அன்றாடம் அணிய உறுத்தும். இத்தகைய வழக்கமான அளவில் வாங்கினால், ஆயத்தமாகக் கிடைக்கும் டாலர் கட்டுகளிலும் கல் பொருந்திக்கொள்ளும் என்பது கூடுதல் வசதி.

இரண்டாம் படி: எந்தக் கல் என்று முடிவு செய்யுங்கள்

நிறத்தை மட்டும் நினைத்துத் தேடினால் ஒரே நிறத்தில் பத்து வகைக் கற்கள் வந்து நிற்கும். குறிஞ்சிப் பூவின் நிறம் நீலம் கலந்த கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்தை ஒட்டி எனக்குக் கிடைத்தவை நான்கு: அமெதிஸ்ட் எனப்படும் செவ்வந்திக்கல், தான்சானியா நாட்டில் மட்டும் கிடைக்கும் டான்சனைட், நவரத்தினங்களில் ஒன்றான நீலம், பிறகு அயோலைட்.

இவற்றுள் தேர்ந்தெடுக்க முதலில் கடினத்தன்மையைப் பார்க்க வேண்டும். கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணால் குறிக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, டோபாஸ் 8, அமெதிஸ்ட் 7, அயோலைட் 7 முதல் 7.5 வரை, டான்சனைட் 6 முதல் 7 வரை. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் நுண்மணலின் கடினம் 7 என்பதால், அதற்குக் குறைந்த கற்களைத் துணியால் துடைத்துத் துடைத்தே மங்கச் செய்துவிடலாம். மோதிரத்தில் பதிக்கும் கல் பாத்திரத்திலும் கதவிலும் இடிபடும். கழுத்தில் தொங்கும் கல்லுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆகவே டாலருக்கு 7 போதுமானது.

அடுத்தது, கல்லுக்கு மனிதர் செய்த வேலை. சந்தைக்கு வரும் மாணிக்கத்திலும் நீலத்திலும் பெரும்பாலானவை நிறத்தைக் கூட்டுவதற்காகச் சூடேற்றப்பட்டவை. மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஊட்டுவது பழைய வழக்கம். நகைக்கடைகளில் காணும் நீல டோபாஸில் பெரும்பகுதி, நிறமற்ற கல்லைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பெற்ற நிறம். விற்பவர் சொல்லிவிட்டு விற்கும்வரை இவற்றில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் ஈயக் கண்ணாடியை உருக்கி வெடிப்புகளில் நிரப்பிய மாணிக்கத்தைத் தொடக்கநிலையினர் அறவே தவிர்க்க வேண்டும். பத்தரின் ஊதுகுழல் சூட்டிலும், நகையை வெளுக்கப் பயன்படுத்தும் அமிலத்திலும் அந்த நிரப்பு கெட்டுக் கல் பாழாகும்.

நான் அயோலைட்டைத் தேர்ந்தெடுத்தேன். பொதுவாக எந்தச் செயற்கை வேலையும் செய்யாமல் விற்கப்படும் கல் இது. நீலத்தைவிட விலை மிகக் குறைவு. காங்கேயம், கரூர் வட்டாரத்தில் கிடைக்கும் கற்களில் இதுவும் ஒன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் கல்மணிப் பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்ட செய்தியைப் படித்தவர்களுக்கு, அந்த மண்ணின் கல் என்பதே தனி மகிழ்ச்சியைத் தரும். சிறிய கல்லாக வாங்குவதற்கும் இது ஏற்றது, ஏனெனில் அளவு கூடக்கூட அயோலைட் இருண்டு கருநீலமாகிவிடும்.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள்: நீல நிறக் கல்லைப் பரிசளிக்கும் முன் அந்த வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். நீலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்ற நம்பிக்கை நம்மில் பல குடும்பங்களில் உண்டு. நான் சொன்னதும் அக்காள், "இது சனீஸ்வரனுக்குப் போடுகிற நீலமா?" என்றுதான் முதலில் கேட்டாள். அயோலைட் வேறு கனிமம் என்று விளக்கினேன். ஆனால் ராசிக்கல் விற்பவர்கள் இதையே 'நீலி' என்ற பெயரில் நீலத்துக்கு மாற்றாக விற்பதும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லி, அவள் சம்மதித்த பிறகே தேடத் தொடங்கினேன்.

மூன்றாம் படி: விவரக்குறிப்பை வரிவரியாகப் படியுங்கள்

முதலில் கல்லின் பெயர். முன்னால் ஓர் அடைமொழி ஒட்டியிருந்தால் நின்று நிதானியுங்கள். 'ஸ்மோக்கி டோபாஸ்' என்பது டோபாஸ் அன்று, பழுப்பு நிறப் படிகக்கல். 'அமெரிக்கன் டைமண்ட்' என்பது வைரம் அன்று, ஆய்வகத்தில் உருவாக்கும் கியூபிக் சிர்கோனியா. 'வாட்டர் சஃபையர்' என்பது நம்முடைய அயோலைட்டேதான். ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் போலிக் கல்லும் ஒன்றல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஆய்வக மாணிக்கம் கனிம இயல்பில் மாணிக்கமே. பிரெஞ்சு வேதியியலர் வெர்னூயி தம் உருக்கு முறையை 1902-இல் அறிவித்த காலத்திலிருந்து அது சந்தையில் இருக்கிறது. போலிக் கல்லோ நிறத்தில் மட்டும் ஒத்த கண்ணாடியாகவோ வேறு பொருளாகவோ இருக்கும்.

அடுத்து எடை. கல்லில் 1 காரட் என்பது 200 மில்லிகிராம். தங்கத்தில் 22 காரட், 18 காரட் என்பது தூய்மையின் அளவு. ஒரே சொல்லாக இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். ரத்திக் கணக்கில் விலை போட்டிருந்தால் காரட்டில் எவ்வளவு என்று கேளுங்கள். குன்றிமணியை வைத்து வந்த பழைய அளவு அது, இன்று எல்லோரும் ஒரே கணக்கில் அதைச் சொல்வதில்லை.

எடையை மட்டும் பார்த்து அளவை ஊகிக்கவும் கூடாது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். நீள்வட்டக் கல்லுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: மூன்றையும் பெருக்கி, கல்லின் அடர்த்தியாலும் பெருக்கி, 0.002-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ காரட் எடை வரும். அயோலைட்டின் அடர்த்தி சுமார் 2.6. ஆகவே 8-க்கு 6, ஆழம் 4 என்றால் ஏறக்குறைய 1 காரட். அடர்த்தி 4 உள்ள நீலம் அதே அளவில் ஒன்றரைக் காரட்டை எட்டும். சொன்ன எடைக்கும் அளவுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அளவோ எடையோ கல்லின் பெயரோ பிழையாக இருக்கிறது.

ஆழத்தைக் கவனிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆழம் குறைவாகப் பட்டை தீட்டிய கல்லின் நடுவில் நிறம் வெளிறி, அதன் வழியே விரல் தெரியும். ஒளி திரும்பி வராமல் அடிவழியே போய்விடுவதே காரணம். முகப்பில் அகலமாகத் தெரிவதால் படத்தில் அது பெரிய கல்லாக மயக்கும்.

நான்காம் படி: எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் பேசுவது போதாது. நான் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன், உங்களுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளலாம்: "வணக்கம். இந்தக் கல் இயற்கையானதா, ஆய்வகத்தில் வளர்த்ததா? சூடேற்றுதல், நிரப்புதல், சாயம் ஏதேனும் செய்யப்பட்டுள்ளதா? படத்திலிருப்பது எனக்கு வரப்போகும் அதே கல்லா, மாதிரிப் படமா? விளக்கு இல்லாமல், பகல் வெளிச்சத்தில், விரல்களுக்கிடையே பிடித்துத் திருப்பும் காணொளி ஒன்று அனுப்ப முடியுமா? திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம், அதற்கான செலவு யாருடையது?" இதற்கு வந்த பதிலைப் படமெடுத்துச் சேமித்து வையுங்கள். நான் கேட்ட மூவரில் இருவர் "ஒரிஜினல், நூறு சதவீதம் கியாரண்டி" என்று மட்டுமே எழுதினார்கள். ஜெய்ப்பூரிலிருந்து விற்கும் மூன்றாமவர் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே விடை எழுதினார், அவரிடமே வாங்கினேன்.

ஆய்வகச் சான்றிதழ் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். மாணிக்கம், நீலம், மரகதம் என்றால் கட்டாயம் வேண்டும். சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் தளத்திலேயே சரிபாருங்கள். விற்பவர் தாமே அச்சிட்டுத் தரும் அட்டை சான்றிதழ் ஆகாது. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள அயோலைட்டுக்குச் சான்றிதழ் செலவு கல்லின் விலையையே நெருங்கிவிடலாம் என்பதால், நல்ல திருப்புவிதி இருந்தால் போதும் என்று நான் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் படி: பணமும் பார்சலும்

தளத்தின் வழியாகவே பணம் செலுத்துங்கள். தனியே அனுப்பினால் தள்ளுபடி என்று அழைத்தாலும் போகாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி தளம் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கடமைப்பட்டது. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வத்தலக்குண்டு மலைச்சாலையில் மண் சரிந்தால் பார்சல் அடிவாரத்திலேயே நின்றுவிடும். விழா நாளுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். உறையைப் பிரிப்பதை முத்திரை தெரியும்படி, இடையில் நிறுத்தாமல் காணொளியாக எடுங்கள்.

ஆறாம் படி: ஜன்னலோரத்தில் சோதியுங்கள்

பத்தரிடம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் பதித்த கல்லை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள். விளக்குகளை அணைத்துவிட்டு, வடக்குப் பார்த்த ஜன்னலின் விளிம்பில் வெள்ளைத் தாளை விரித்து, இடுக்கியால் கல்லை எடுங்கள். வெளியே மெல்லிய மஞ்சு படர்ந்த காலை எங்கள் ஊரில் இதற்கு மிக உகந்த நேரம். ஒளி ஒரே சீராகப் பரவுவதால் கல் மினுக்கிக் கண்ணை ஏமாற்றாது.

முகப்பை நேராகப் பார்த்தபோது என் கல் அடர்ந்த நீலக் கத்தரிப்பூ நிறம் காட்டியது. இடுக்கியை மெதுவாகத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தேன். நிறம் கரைந்துகொண்டே வந்து, ஒரு கோணத்தில் வைக்கோல் ஊறிய நீரைப்போல வெளிர் மஞ்சளாய், ஏறக்குறைய நிறமற்றதாய் நின்றது. மீண்டும் திருப்பினால் நீலம் வந்து நிறைந்தது. திசைக்கொரு நிறம் காட்டும் இந்த இயல்பு அயோலைட்டில் மிக வலுவானது. நீலக் கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் நீலம்தான். கருவி இல்லாத வீட்டில் செய்யக்கூடிய இவ்வளவு தெளிவான சோதனை வேறு பல கற்களுக்கு இல்லை.

பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் வழியே கல்லுக்குள் உருண்டையான காற்றுக்குமிழிகள் தெரிந்தால் கண்ணாடி என்று ஐயுறுங்கள். பட்டைகளின் விளிம்புகள் கூர்மையாக இருக்க வேண்டும். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். கல்லின்மேல் ஊதி, ஆவி எவ்வளவு விரைவில் மறைகிறது என்று பார்க்கும் முறையை இங்கே நம்ப வேண்டாம். மலைக்குளிரின் ஈரத்தில் எல்லாப் பரப்பிலும் ஆவி தங்கிவிடும்.

ஏழாம் படி: பத்தரிடம் கொடுங்கள்

வத்தலக்குண்டில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பத்தர் கல்லை வாங்கி ஒளியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, அடியை மூடிடாம திறந்தே விட்டுடலாம், இல்லேன்னா கல் கறுத்துத் தெரியும்" என்றார். அடர்நிறக் கல் எதற்கும் இது பொருந்தும். சுற்றிலும் தகட்டை மடக்கிப் பிடிக்கும் கட்டாக, அடி திறந்ததாகச் செய்யச் சொல்லுங்கள்; அயோலைட் ஒரு திசையில் பிளவுபடக்கூடியது என்பதால் விளிம்புக்குக் காப்பு வேண்டும். பற்றவைப்பு வேலை முழுவதும் முடிந்த பிறகே கல்லைப் பதிக்க வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தங்கத்தில் செய்தால், ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க எழுத்தெண் குறியும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சான்று. கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அந்த முத்திரை கட்டாயமும் இல்லை. நான் 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி) செய்தேன். அந்த நீலத்துக்கு வெள்ளைப் பின்னணியே பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

டாலர் வந்ததும் பெட்டிக்குள் ஒரு சிறு சீட்டும் எழுதி வைத்தேன்: இயற்கை அயோலைட், 1.02 காரட், 8-க்கு 6 மில்லிமீட்டர், வெள்ளி 925. வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவவும். கடைகளில் நகை கழுவும் அதிர்வுக் கருவியில் போட வேண்டாம். பழுது பார்க்கும்போது கல்லைக் கழற்றாமல் தீ காட்ட வேண்டாம். என்றைக்கோ ஒருநாள் வளையம் அறுந்து அவள் வேறோர் ஊரில் வேறொரு பத்தரிடம் போய் நின்றால், அந்தச் சீட்டைக் காட்டினால் போதும்.