காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட்: எடைக் குறைவை நிரூபிப்பது எப்படி?

தலையணைபோல உப்பியிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிள்ளை ஆசையோடு கிழித்து, அடியில் கிடக்கும் ஒரு கைப்பிடித் துண்டுகளைப் பார்த்து முகம் வாடும்போது நமக்குக் கோபம் வருவது நியாயமே. ஆயினும் அந்த வெற்றிடத்தை மட்டும் காட்டிச் செய்யும் புகார் பெரும்பாலும் நிற்காது. பொரித்த பண்டம் ஆக்சிஜன் பட்டுக் காறிப்போகாமலும், லாரியில் அடுக்கும்போது நொறுங்காமலும் இருப்பதற்காக நைட்ரஜன் வாயு நிரப்புகிறார்கள். பண்டத்தின் பாதுகாப்புக்குத் தேவையான அளவு பாக்கெட் பெரிதாக இருப்பதைச் சட்டமும் ஏற்கிறது. ஆகவே உறையில் அச்சிட்டிருக்கும் நிகர எடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உறையின் எடையைச் சேர்க்காமல் பண்டம் மட்டும் அவ்வளவு இருக்க வேண்டும்.

சந்தேகம் எழுந்தவுடன் பாக்கெட்டைப் பிரிக்காமல் தராசில் வைத்து எடை பாருங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நானும் ஒருமுறை கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்துப் பாதி தின்ற பிறகுதான் உறையைப் படித்தேன், அதன்பின் யாரிடம் போய் எதைக் காட்டுவது? ஒவ்வொரு கிராம் வேறுபாட்டையும் காட்டும் சமையலறைத் தராசு போதும். அது சரியாகக் காட்டுகிறதா என்று அறிய, பத்து ரூபாய் நாணயங்கள் பத்தை அதில் வையுங்கள். 77 கிராம் அளவில் காட்ட வேண்டும். உள்ளே அடைத்த வாயு எடையைக் கூட்டிக் காட்டுமோ என்று அஞ்ச வேண்டாம், சுற்றியுள்ள காற்றிலேயே அது மிதப்பதால் தராசுக்குத் தெரியாது. 52 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட் உறையோடு சேர்த்தே 45 கிராம்தான் இருக்கிறது என்றால், பிரிக்காமலேயே உங்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது.

சிறு வேறுபாட்டைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி 50 கிராம் வரையுள்ள பொட்டலத்தில் 9 விழுக்காடும், 50 முதல் 100 கிராம் வரை 4.5 கிராமும், 200 முதல் 300 கிராம் வரை 9 கிராமும் குறையலாம். ஒரே ஒரு பாக்கெட் இந்த எல்லையை ஒட்டி நின்றால் உறையில் அதே தொகுதி எண் (பேட்ச் நம்பர்) கொண்ட இன்னும் இரண்டு மூன்றை வாங்கி நிறுத்துப் பாருங்கள். எல்லாமே குறைந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. உறையில் எண்ணிக்கை அச்சிட்டிருந்தால் எண்ணியும் பாருங்கள்: 16 பிஸ்கட் என்று போட்ட பாக்கெட்டில் 15 மட்டுமே இருந்த வழக்கில், திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2023-இல் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்கடையில் பில் கிடைக்காவிட்டால் யூபிஐ மூலம் பணம் செலுத்திய பதிவாவது இருக்கட்டும். அவரும் மூடிய பாக்கெட்டைத்தான் வாங்கி விற்கிறார், அவரோடு சண்டை வேண்டாம். தராசின் எண்ணும் உறையின் எழுத்துகளும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொண்டு, உறையிலுள்ள வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு எழுத்து வடிவில் புகார் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால், இன்னொரு பாக்கெட் தருகிறோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது, பிரிக்காத பாக்கெட்டை, எடை அளவுகளைச் சோதிக்கும் அரசு அலுவலரான சட்டமுறை எடையளவு அதிகாரியிடம் கொண்டு செல்வது. தமிழ்நாட்டில் இப்பணி தொழிலாளர் துறையின் கீழ் நடக்கிறது. கேரளத்தின் திருச்சூரில் 2019-இல் வாங்கிய 300 கிராம் பிஸ்கட் பாக்கெட்டுகள் இரண்டு 268, 249 கிராம் மட்டுமே இருந்தபோது, வாங்கியவர் அங்குள்ள சட்டமுறை எடையளவுத் துறையிடம் காட்டி எடையை உறுதி செய்துகொண்ட பிறகே வழக்குத் தொடர்ந்தார். 2024-இல் அம்மாவட்ட நுகர்வோர் ஆணையம் அவருக்கு 50,000 ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் வழக்குச் செலவும் வழங்கச் சொன்னது.

நிறுவனம் பதில் தராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்கு முடியும்வரை அந்தப் பாக்கெட்டை எறும்பு அண்டாத டப்பாவில் போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.